கல்யாண குரூப்பில் ஜாதகம், ஜெராக்ஸ் கடையில் ஆதார், பூட்டிய வீட்டில் கேமரா: நம் விவரம் போன் வழியாக எவ்வளவு வெளியே போகிறது?

கோட்டையூர்ப் பேரன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வைகாசி முகூர்த்தம் நெருங்க நெருங்க நம் செட்டிநாட்டு நகரத்தார் வரன் குரூப்களில் ஜாதகம் வந்து குவிகிறது. ஒரு பிடிஎஃப்பைத் திறந்தால் பெண்ணின் முழுப்பெயர், பிறந்த தேதி, நேரம், ஊர், அப்பச்சி (அப்பா) பெயர், ஐயா (தாத்தா) பெயர், வீட்டு விலாசம், எந்தக் கோயில் பிரிவு, படிப்பு, கம்பெனி, சம்பளம், கடைசியில் போன் நம்பர், அதற்குக் கீழே முழு உயரப் படம். குரூப்பில் எல்லோரும் சொந்தம் என்ற நம்பிக்கையில்தான் போடுகிறோம். ஆனால் அது ஒரு குரூப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, முகம் தெரியாத தரகர்கள் கைக்குப் போய், அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு சிக்கல் உண்டு. ஆதார் தளத்திலிருந்து இறக்கும் இ-ஆதார் பிடிஎஃப்புக்குக் கடவுச்சொல் என்ன? பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து, அதோடு பிறந்த வருஷம். நாடு முழுக்க எல்லோருக்கும் இதே முறைதான். பாங்க் மெயிலில் அனுப்பும் ஸ்டேட்மெண்ட் பலவற்றையும் பிறந்த தேதியை வைத்தே திறக்கலாம். ஜாதகம் குரூப்பில் இருக்கிறது. இ-ஆதாரைப் பிரிண்ட் போட ஜெராக்ஸ் கடை நம்பருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருக்கிறோம். இரண்டும் ஒரே ஆள் கையில் சேர்ந்தால் அந்தக் கடவுச்சொல்லுக்கு அர்த்தமே இல்லை.

யூடியூபில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஹேக்கர், வைரஸ், விபிஎன் என்று போகிறார்கள். நம் பக்கத்தில் பெரும்பாலும் நாமே நல்லெண்ணத்தில் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். உங்கள் வீட்டிலும் கடையிலும் என்ன நடக்கிறது, என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா

தம்பி, அக்கறையோடுதான் கேட்கிறீர்கள். ஆனால் நம் ஊரில் யாருக்கு யார் வீடு தெரியாது? எந்த வீட்டுக்கு எத்தனை புள்ளி (கல்யாணமான குடும்பக் கணக்கு) என்று கோயில் நோட்டிலேயே இருக்கிறது. வரன் தேடுகிறவர்கள் விவரத்தை மறைத்தால் வரன் எப்படி அமையும்? சாதாரண மனிதர்களிடம் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

கண்டனூர் வக்கீல்

அண்ணே, கோயில் நோட்டு கோயிலோடு இருக்கிறது. அதை யாரும் போட்டோ எடுத்து முகம் தெரியாதவர்களுக்கு அனுப்புவதில்லை. கேட்டு வருகிறவர் யார், எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துதான் விவரம் சொல்வார்கள். அந்தக் கட்டுப்பாடு போனில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

‘சாதாரண மனிதர்கள்’ என்கிறீர்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னது. அது பெரிய மனிதர்களுக்கு மட்டும் உள்ள உரிமை இல்லை. வீட்டில் பலகாரம் சுட்டு விற்கிற ஆச்சிக்கும் அதே உரிமைதான். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. நிறுவனங்கள் செய்ய வேண்டியவற்றில் பெரும்பகுதிக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். தரவைச் சரியாகப் பாதுகாக்காத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தனிமனிதர் சொந்த, வீட்டுக் காரியத்துக்காகக் கையாளும் தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. காசு வாங்கிக்கொண்டு நடத்தும் மேட்ரிமோனி கம்பெனியைக் கேள்வி கேட்கலாம். அத்தை மகள் ஜாதகத்தை ஃபார்வர்டு செய்த சித்தப்பாவின் மேல் இந்தச் சட்டத்தைக் காட்ட முடியாது. குரூப்புக்குள் ஒரு முறையை நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும். கோயில், ஊர், படிப்பு, ராசி, நட்சத்திரம், ஒரு பெரியவரின் நம்பர் இவற்றோடு முதலில் நிறுத்தலாம். பிறந்த தேதியை எடுத்துவிட்டுக் கட்டத்தை மட்டும் போடுங்கள். படமும் முழு விவரமும் இரண்டு வீட்டுக்கும் சம்மதம் என்றான பிறகு நேரில் போகட்டும்.

பள்ளத்தூர் பலகாரம்

வக்கீல் தம்பி என்னைப் பார்த்தே எழுதினது போல இருக்கிறது. தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம் எல்லாம் செய்து கூரியரில் அனுப்புகிறேன். ஆர்டருக்காக என் நம்பரை ஃபேஸ்புக்கில் போட்டேன். இப்போது ராத்திரி 11 மணிக்கு முன்பின் தெரியாதவன் வீடியோ காலில் வருகிறான். டிபியில் பேத்தியோடு நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டு ‘பாப்பா எந்த ஸ்கூல்’ என்று மெசேஜ் போடுகிறான். நம்பரை மாற்றினால் வாடிக்கை போய்விடும். என்ன செய்வது?

செக்காலை ரோடு சர்வீஸ் கடை

ஆச்சி, நம்பரை மாற்ற வேண்டாம். அந்த நம்பர் வியாபாரத்துக்கே இருக்கட்டும். வாட்ஸ்ஆப் பிசினஸ் என்று தனி ஆப் இருக்கிறது, அதில் அந்த நம்பரைக் கொண்டுவந்துவிடுங்கள். படத்துக்குப் பேத்தி வேண்டாம், தேன்குழல் தட்டை வையுங்கள். வீட்டுக்கும் சொந்தத்துக்கும் இன்னொரு சிம் வாங்கி, சாதாரண வாட்ஸ்ஆப்பை அதில் போடுங்கள். இரண்டும் ஒரே போனில் ஓடும். சொந்த நம்பரில் செட்டிங்ஸ், பிரைவசி போய் படம், லாஸ்ட் சீன், குரூப்பில் சேர்ப்பது மூன்றையும் ‘மை காண்டாக்ட்ஸ்’ என்று வைத்துவிடுங்கள். அதே பக்கத்தில் ‘கால்ஸ்’ என்பதற்குள் தெரியாத நம்பர் அழைப்பைச் சத்தமில்லாமல் ஆக்கும் பொத்தான் இருக்கிறது. பணம் வாங்குகிற யுபிஐ ஐடியில் போன் நம்பரே இருக்கிறதா என்றும் பாருங்கள். நம்பர் இல்லாத வேறு ஐடியைப் பல ஆப்களில் உருவாக்கிக்கொள்ளலாம். அந்த ஆளின் மெசேஜை அழிக்க வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு, ரிப்போர்ட் செய்து பிளாக் செய்யுங்கள்.

பொதுவாக, கடைக்கு வரும் போன்களில் நான் பார்ப்பதையும் எழுதுகிறேன்.

இப்போது அதிகம் ஏமாறுவது கல்யாணப் பத்திரிகையில்தான். வாட்ஸ்ஆப்பில் ‘எங்கள் இல்லத் திருமண அழைப்பிதழ்’ என்று ஒரு ஃபைல் வரும். பெயரின் கடைசியில் ஏபிகே என்று மூன்று ஆங்கில எழுத்து இருக்கும். நம்மவர்களுக்கு மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் தெரியாத நம்பரில் பத்திரிகை வருவது வழக்கம் என்பதால் சந்தேகமே வராது, தொட்டுவிடுகிறார்கள். அது பத்திரிகை இல்லை, ஆப். உள்ளே போனதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், சில ‘ஆக்சஸிபிலிட்டி’ அனுமதியும் கேட்கும். அதைக் கொடுத்துவிட்டால் திரையில் வருவதைப் படிக்கும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தானையும் அழுத்தும். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி அங்கே போய்விடும். அப்புறம் உங்கள் வாட்ஸ்ஆப்பிலிருந்தே உங்கள் சொந்தங்களுக்கு அதே பத்திரிகை கிளம்பும். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப்பாகவோ வீடியோவாகவோதான் வரும். எந்தக் கல்யாணத்துக்கும் ஆப் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் ‘இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்’ என்று தேடி, வாட்ஸ்ஆப்புக்கு நேரே ஆஃப் செய்து வையுங்கள். பெரியவர்கள் போனில் இதை முதலில் செய்யுங்கள்.

தவறித் தொட்டுவிட்டால் உடனே ஏரோபிளேன் மோடில் போடுங்கள். வேறு போனிலிருந்து பாங்குக்குச் சொல்லுங்கள், பணம் போயிருந்தால் 1930-க்கு அடியுங்கள். சைபர் குற்றங்களுக்கான தேசிய எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

அடுத்தது அனுமதி. முகப்பில் உட்கார வைத்துப் பேசி அனுப்ப வேண்டியவரை நாம் இரண்டாம் கட்டுக்குள் கூட்டிப்போவதில்லை. போனில் மட்டும் டார்ச் லைட் ஆப்புக்கும் காலண்டர் ஆப்புக்கும் காண்டாக்ட், மைக், இடம் எல்லாவற்றையும் திறந்து விட்டிருக்கிறோம். செட்டிங்ஸில் பிரைவசி, ‘பர்மிஷன் மேனேஜர்’ என்று போனால், இடத்தை எந்த ஆப் எல்லாம் எடுக்கிறது, காண்டாக்டை எது எடுக்கிறது என்று தனித்தனியாகக் காட்டும். ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் உள்ள போன்களில் ‘பிரைவசி டாஷ்போர்டு’ கடந்த 24 மணி நேரத்தில் யார் மைக்கைத் தொட்டது, யார் கேமராவைத் தொட்டது என்று நேரத்தோடு சொல்கிறது. இடம் தேவைப்படும் ஆப்புக்கு ‘ஆப் பயன்படுத்தும்போது மட்டும்’ என்று கொடுத்தால் போதும். மழை வருமா என்று சொல்லும் ஆப்புக்குத் துல்லியமான இடம் தேவையே இல்லை, ‘தோராயமாக’ போதும்.

கடன் ஆப் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். காண்டாக்டும் கேலரியும் கேட்கிற கடன் ஆப்பை அந்த நிமிஷமே தூக்கிவிடுங்கள். கடன் தரும் ஆப்கள் காண்டாக்ட், ஃபைல், கால் விவரம் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. பிளே ஸ்டோரும் 2023 மே 31 முதல் தடை போட்டிருக்கிறது. அதை மீறிக் கேட்பவன் எதற்குக் கேட்கிறான்? தவணை தவறினால் உங்கள் சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டு அசிங்கப்படுத்தத்தான்.

என் தொழிலைப் பற்றியும் சொல்கிறேன். டிஸ்பிளே மாற்றக் கொடுக்கும்போது போனின் லாக் நம்பரை ஒரு பேப்பரில் எழுதிக் கவரில் ஒட்டித் தருகிறார்கள். அப்படித் தராதீர்கள். சாம்சங் போன்களில் ‘மெயின்டனன்ஸ் மோட்’, பிக்சலில் ‘ரிப்பேர் மோட்’ இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் நான் டிஸ்பிளே, டச், ஸ்பீக்கர் எல்லாம் சோதிக்கலாம், உங்கள் படமோ மெசேஜோ எனக்குத் தெரியாது. அந்த வசதி இல்லாத போன் என்றால் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொண்டு, முடிந்தவரை கூடவே உட்கார்ந்து வேலையை முடித்து வாங்கிப் போங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டான்.

நாட்டரசன்கோட்டை ஜோதிடம்

வக்கீல் ஐயா சொன்னதில் ஒரு திருத்தம். தேதியை எடுத்துவிட்டுக் கட்டத்தை மட்டும் போட்டால் போதாது. சனி ஒரு ராசியில் ஏறத்தாழ இரண்டரை வருஷம் இருக்கும், குரு ஏறத்தாழ ஒரு வருஷம். அந்த இரண்டும் எங்கே நிற்கின்றன என்று பார்த்தாலே பிறந்த வருஷம் தெரிந்துவிடும். சூரியனைப் பார்த்தால் மாதம், சந்திரனைப் பார்த்தால் நாள். எங்களுக்குப் பஞ்சாங்கம் வேண்டும், இன்று ஆப் நொடியில் சொல்லிவிடும். முதல் பொருத்தத்துக்கு நட்சத்திரமும் பாதமும் ராசியும் போதும். கட்டமே வேண்டாம்.

கோட்டையூர்ப் பேரன்

ஜோதிடர் ஐயாவுக்கு நன்றி, இது எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியானால் பிறந்த தேதியை இனி ரகசியம் என்றே வைத்துக்கொள்ளக் கூடாது. ஏற்கெனவே சுற்றுகிற ஜாதகங்களைத் திரும்ப வாங்கவும் முடியாது. பிறந்த வருஷத்தையோ கல்யாணத் தேதியையோ போன் லாக்குக்கும் யுபிஐ பின்னுக்கும் வைத்திருப்பவர்கள் இன்றே மாற்றிவிடுங்கள்.

ஆதாரைப் பொறுத்தவரை ‘மாஸ்க்டு ஆதார்’ என்று கேட்டு இறக்குங்கள். 12 இலக்கத்தில் முதல் 8 மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும். தங்கும் விடுதியில் காட்டவும் இன்னும் பல இடங்களிலும் அது போதும். கடையில் பிரிண்ட் எடுத்தால் கூடவே நின்று, அவர் போனிலிருந்தும் கம்ப்யூட்டரின் டவுன்லோடு ஃபோல்டரிலிருந்தும் அழிக்கச் சொல்லுங்கள். மரியாதையாகக் கேட்டால் செய்வார்கள்.

கண்டனூர் வக்கீல்

ஐயா சொன்னது சரி, கட்டத்தையும் விட்டுவிடுவோம். ஆதார் பேச்சு வந்ததால் ஒன்றைச் சேர்க்கிறேன். நம் வீடுகளுக்குப் பங்காளிகள் அதிகம். பாகப்பிரிவினை, பவர் பத்திரம் என்றால் முழுப் பத்திரத்தையும் ஸ்கேன் செய்து குடும்ப குரூப்பில் போட்டுவிடுகிறார்கள். அதில் எல்லோருடைய கையெழுத்தும் இருக்கும், கைரேகையும் இருக்கும். ஆதாரை வைத்துப் பணம் எடுக்கும் முறையில் ஓடிபி வராது. ஆதார் எண், பாங்கின் பெயர், விரல்ரேகை மூன்றும் போதும். பத்திரத்திலிருந்த ரேகையைப் பிரதி எடுத்துப் பணத்தை உருவிய வழக்குகள் பல மாநிலங்களில் பதிவாகியிருக்கின்றன. ஆதார் ஆணையத்தின் ஆப்பில் ‘பயோமெட்ரிக் லாக்’ என்று ரேகையைப் பூட்டும் வசதி இருக்கிறது. பூட்டி வையுங்கள். ரேஷன் கடையிலோ சிம் வாங்கும்போதோ ரேகை தேவைப்பட்டால் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். சந்தேகம் இருந்தால் 1947-க்கு அழைத்தால் தமிழிலேயே சொல்வார்கள்.

பினாங்கிலிருந்து

எங்கள் வீடு கானாடுகாத்தான் பக்கம். வருஷத்தில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும், படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும்தான் கூடுவோம். வீட்டுப் பிள்ளைகள் வந்தால் பர்மா தேக்குக் கதவு, பெல்ஜியம் கண்ணாடி, சாமான் அறையில் அடுக்கிய பித்தளை, எனாமல் பாத்திரம் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, ஊர்ப் பெயரைப் போட்டு, ‘அடுத்த வருஷம்தான் இனி வருவோம்’ என்று இன்ஸ்டாகிராமில் போடுகிறார்கள். பெருமைக்குரிய வீடுதான், காட்ட ஆசை இருக்கத்தான் செய்யும். ஆனால் என்ன சாமான் எந்த அறையில் இருக்கிறது, வீடு எப்போது காலி என்று இரண்டையும் ஒரே வீடியோவில் சொல்லிவிடுகிறோம். பழைய சாமானுக்கு எவ்வளவு கிராக்கி என்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்தாலே தெரியும். ஊரை விட்டுக் கிளம்பிய பிறகு போடச் சொல்லுங்கள், முகப்போடும் ஆத்தங்குடித் தரைக்கல்லோடும் நிறுத்தச் சொல்லுங்கள், கதவு பூட்டும் சாமான் அறையும் வேண்டாம்.

படத்துக்குள்ளேயே எடுத்த இடம் பதிவாகும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் அந்த இடக்குறிப்பு நீங்கிவிடும். தெளிவு குறையக் கூடாது என்று ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போகும். கேமரா செட்டிங்ஸில் இடக்குறிப்பை ஆஃப் செய்துவிடுவது நல்லது. ஐபோனில் பகிரும்போது மேலே ‘ஆப்ஷன்ஸ்’ தொட்டு லொக்கேஷனை எடுத்துவிடலாம்.

அடுத்து, இங்கே கேட்க வந்த விஷயம். ஆள் இல்லாத வீடு என்று கேமரா போட்டோம். போட்டுக் கொடுத்தவர் தன் மெயில் ஐடியில் கணக்குத் தொடங்கி, எங்கள் போன்களுக்குப் பகிர்ந்துவிட்டிருக்கிறார். இத்தனை நாளும் வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) நடப்பதை நாங்கள் பார்ப்பதற்கு முன்பே அவரால் பார்க்க முடியும் என்பது இப்போதுதான் தெரிந்தது. அவர் மேல் குற்றம் சொல்லவில்லை, வேலை சீக்கிரம் முடியட்டும் என்றே செய்திருப்பார். இதை எப்படி எங்கள் பெயருக்கு மாற்றுவது?

ஆத்தங்குடிக் கல்

இதையும் கேட்டுக்கொள்கிறேன். நாம் பேசுவதை போன் ஒட்டுக் கேட்டுத்தான் விளம்பரம் போடுகிறதா? கண்டாங்கி சேலை என்று வாயால்தான் சொன்னோம், சாயந்திரம் ஃபேஸ்புக்கில் சேலை.

செக்காலை ரோடு சர்வீஸ் கடை

மைக் ஓடினால் திரை ஓரத்தில் பச்சைப் புள்ளி வரும், ஐபோனில் ஆரஞ்சு. அது வராமல் கண்டாங்கி வந்தால் வேறு வழியைத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் தேடாவிட்டாலும் அதே வைஃபையில் இருக்கும் மகள் தேடியிருப்பாள், அல்லது காரைக்குடிக் கடைக்குப் போனது இடக்கணக்கில் ஏறியிருக்கும். ஒட்டுக் கேட்காமலே அவ்வளவு தூரம் ஊகிக்கிறார்கள், எனக்கு அதுதான் பெரிய கவலை. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் கூகுள், ‘ஆட்ஸ்’ போய் விளம்பர ஐடியை அழித்துவிடுங்கள். ஐபோனில் ஆப் ‘டிராக்’ செய்யலாமா என்று கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லுங்கள். விளம்பரம் வருவது நிற்காது, ஆனால் ஓர் ஆப்பில் செய்ததை இன்னோர் ஆப்போடு கோர்த்துப் பார்ப்பது குறையும்.

புதுவயல் மருமகள்

ஒரு வேண்டுகோள். சென்னையில் இருக்கும் பிள்ளைகள் ஊரில் தனியாக இருக்கும் ஆத்தா போனில் அவர்களுக்குத் தெரியாமல் இடம் காட்டும் ஆப்பைப் போட்டுவிடுகிறார்கள். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் ‘ஏன் ஆத்தா இன்றைக்கு அந்தத் தெருவுக்குப் போனீர்கள்’ என்று மகன் கேட்டபோது எங்கள் அயித்தை முகம் சுருங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கூகுள் மேப்ஸில் அவர்கள் கையாலேயே பகிரச் சொல்லலாம், வேண்டாம் என்றால் நிறுத்தவும் கற்றுக்கொடுக்கலாம். குன்றக்குடிக்குக் காவடியோடு நடந்து போகும் நாளில் வாட்ஸ்ஆப் லைவ் லொக்கேஷனை 8 மணி நேரத்துக்குப் போட்டால் அதுவே நின்றுவிடும்.

தேவகோட்டை ரஸ்தா

மருமகள் சொன்னது மனதில் பட்டது. குன்றக்குடி என்றதும் ஒரு கேள்வி. அந்தக் கூட்டத்தில் போன் தொலைந்தால்?

செக்காலை ரோடு சர்வீஸ் கடை

அண்ணே, தொலைவதற்கு முன்பே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். *#06# அடித்து வரும் ஐஎம்இஐ எண்ணை (போனின் அடையாள எண்) வீட்டு நோட்டில் எழுதி வையுங்கள். லாக் திரையில் மெசேஜின் உள்ளடக்கம் தெரியாமல் வையுங்கள், இல்லாவிட்டால் பூட்டிய போனிலேயே ஓடிபி தெரியும். சிம்முக்கும் பின் வையுங்கள். ஆரம்ப பின் என்ன என்று கம்பெனியில் கேட்டுக்கொண்டே மாற்றுங்கள், மூன்று முறை தப்பாக அடித்தால் சிம் பூட்டிக்கொண்டு, அதைத் திறக்கும் பியூகே எண்ணைக் கேட்கும். வாட்ஸ்ஆப்பில் ‘டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ 6 இலக்க பின் அவசியம் வேண்டும். தொலைந்த பிறகு போலீஸில் புகார் கொடுத்து, புதிய சிம் வாங்கி, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனை முடக்கலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் அதே தளம் காட்டும். ஆதார் நகல் எங்கெங்கோ கொடுத்தவர்கள் அதை அவசியம் பாருங்கள். உங்களுடையது இல்லாத நம்பர் இருந்தால் அங்கேயே சொல்லி நிறுத்தலாம்.

பினாங்கு அண்ணே, கேமரா விஷயம். அவரோடு பேசி, அவர் ஆப்பிலிருந்து அந்தக் கருவியை நீக்கச் சொல்லுங்கள். அவர் கணக்கில் இருக்கும்வரை பல மாடல்களை வேறு கணக்கில் சேர்க்க முடியாது. அப்புறம் ஊரில் இருக்கும் யாராவது ஒருவர் கேமராவின் ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்து, உங்கள் வீட்டு ஆள் ஒருவரின் மெயிலில் புதிதாகச் சேர்க்கட்டும். அட்மின் அவர்தான், மற்ற பங்காளிகளுக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் போதும். கேமரா படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி இருந்தால் அதற்குத் தனியாக ஒரு பாஸ்வேர்டு உண்டு. மாட்டும்போது வைத்த பாஸ்வேர்டிலேயே பல வீடுகளில் இன்னும் ஓடுகிறது, அதையும் மாற்றுங்கள். வீட்டு வைஃபை பாஸ்வேர்டும் அவரிடம் இருக்கும், கடைசியாக அதையும் மாற்றிவிடுங்கள். ஊரில் ஆள் இல்லை என்றால் பெட்டியின் மாடல் எண்ணை இங்கே போடுங்கள், எந்தப் பொத்தான் என்று சொல்கிறேன். வீட்டு விலாசத்தை மட்டும் இந்த இழையில் எழுத வேண்டாம்.